துரை செடிக்குத் துணி

அடுத்த வீட்டு வேதாசலம் ஜவுளிக் கடை வாசலில் வெயிலில் நின்றுகொண்டு, ஒவ்வொரு துணியாகத் தூக்கிப் பிடித்து, அதன் அடியில் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது துணியை அல்ல. தரையில் விழுந்த கை நிழலை. எதிரே வளையல் கடையில் ஒரு வளையலும் வாங்காமல் அரை மணி நேரமாக நின்றதால் எனக்கு இதை முழுக்கப் பார்க்கக் கிடைத்தது.

"இன்னா நைனா, துணி எடுக்க வந்தியா, ஜோசியம் பாக்க வந்தியா?" என்றார் கடைக்கார சேட்டு.

"கொஞ்சம் இரு சேட்டு. விரல் அஞ்சும் தெரியணும், ஆனா நிழலு மங்கலா உழணும். அந்த மாதிரி துணிதான் வோணும்."

"யாருக்கு? சம்சாரத்துக்கா?"

"செடிக்கு."

ரேஷன் அட்டையோடு நின்றிருந்த பத்துப் பேரும் சிரித்தார்கள். சிரிக்க மாட்டார்களா? உலக யுத்தம் முடிந்து வருஷம் ஒன்று ஆகப்போகிறது, துணிக்கு அட்டை மட்டும் முடியவில்லை. கட்டியிருந்ததைத் துவைத்துப் போட்டுவிட்டு, அது காயும் வரை கதவைச் சாத்திக்கொண்டு மனிதர்கள் உட்கார்ந்திருந்த காலம் அது. அப்போது ஒருவர் செடிக்குத் துணி எடுக்க வருகிறார்.

வேதாசலம் அரக்கோணத்தில் ஒரு ரயில்வே துரையின் பங்களாவில் இருபது வருஷம் தோட்டக்காரராக இருந்தவர். மாசி மாதம் துரை லீவில் சீமைக்குக் கிளம்பினார். பங்களா வேறொருவர் கைக்குப் போயிற்று. துரை ஆசையாக வளர்த்த பதினோரு ஆர்க்கிட் தொட்டிகளும் மாட்டு வண்டியேறி எங்கள் தெருவுக்கு வந்தன. மண்ணே இல்லாமல் கரித்துண்டிலும் ஓட்டாஞ்சில்லிலும் உட்கார்ந்திருக்கும் செடி. பூவை எங்களில் ஒருத்தரும் கண்டதில்லை. "ஆனி பிறந்ததும் வருவேன். செடிகள் உயிரோடு இருந்தால் உன் மகனுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை" என்று துரை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகன் சுந்தரமூர்த்தி பட்டாளத்திலிருந்து அனுப்பப்பட்டு எட்டு மாதமாக வீட்டில் இருந்தான். குண்டுச் சத்தத்தில் ஒரு காது போய்விட்டது. மற்றதும் அரைக் காதுதான். வேலைக்குப் போய் நின்ற நாலு இடத்திலும் டாக்டர் காதைப் பார்த்ததும் திருப்பி அனுப்பினார்கள். கடைசி தடவை வந்தபோது மூன்று நாள் சோறு தின்னவில்லை, கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தான். வேதாசலம் கிணற்று ராட்டினத்துக் கயிற்றை அவிழ்த்து வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததை நான் சுவருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். அவனுடைய காதைத் தெரிந்தும் வேலை தருகிறேன் என்றவர் இந்த உலகத்தில் அந்தத் துரை ஒருவர்தான்.

செடிகளோ ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலில் வீட்டுக்குள் வைத்தார். சம்சாரம் ரத்தினம்மாளின் அடுப்புப் புகையில் இரண்டு கருகின. வேப்ப மரத்தடியில் தொங்கவிட்டார். மலைக் குரங்கு வந்து ஒன்றைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பியது. கொல்லையில் கீற்றுப் பந்தல் போட்டார். பந்தலுக்குள் ஒரே இருட்டு, குருத்து அழுகியது. கோணிச்சாக்குக் கட்டினார். சாக்கு தண்ணீரைக் குடித்துத் தொய்ந்து, செடித் தலையிலேயே சொட்டியது. சித்திரை பிறந்தபோது ஐந்து செடி மிச்சம்.

அன்றைக்குச் சேட்டுக் கடையில் நிழல் சரியாக விழுந்தது ஒரே துணியில், மெல்லிய வெள்ளை மல்லில். வீட்டு அட்டையில் அந்தத் தவணைக்கு இருந்த பங்கு முழுவதையும் அதிலேயே கிழித்துக்கொண்டு வந்தார். ரத்தினம்மாளுக்கு ஒரு புடவை, அவருக்கு ஒரு வேட்டி என்று சொல்லி வைத்திருந்த பங்கு அது.

"ஏங்க, நான் இன்னாத்த கட்டிகினு வெளிய போறது?" என்று அவள் கேட்டது எங்கள் சமையலறை வரை கேட்டது.

"ஆனி வரைக்கும் வெளிய போவாத."

நல்ல பதில். கணவன்மார்கள் எல்லாரும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

செடிகளுக்கு மேலே கட்டிய புதுத் துணியில் கஞ்சி மொடமொடத்தது. காற்றடித்தால் படபடவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே குரங்குகள் வந்தன. மூன்றாம் நாள் மதியம், வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மல் துணி நாடா நாடாவாகத் தெருக் கூரைகளில் தொங்கியது. வெயிலில் ஒரு செடி போயிற்று. ரத்தினம்மாளிடம் உடம்பில் இருந்த புடவை ஒன்றுதான் மிச்சம்.

அடுத்த கிருத்திகைக்கு மறுநாள் உச்சி வெயிலில் வேதாசலம் மலையடிவாரக் குளத்துப் பக்கம் போனார். அந்த நேரத்தில் அங்கே யார் போவார்கள்? நான் போனேன். என் சொம்பைக் குளத்தில் மறந்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டு போனேன். சொம்பு வீட்டில்தான் இருந்தது.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கிருத்திகைக்கு மலைக் கோயிலுக்கு வந்து வேண்டுதல் முடித்தவர்கள் குளத்தில் முங்கி எழுந்து, கட்டியிருந்த பழந்துணியைப் படியிலேயே விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டு போவார்கள். புதுசு கிடைக்காத அந்தக் காலத்திலும் துண்டையாவது விட்டுவிட்டுப் போனார்கள். தீராத வியாதியோ, சனியோ, பில்லியோ, அது துணியோடு அங்கேயே நின்றுவிடும். கட்டத் துணியில்லாத பிச்சைக்காரர்கூட அதைத் தொடமாட்டார். வேதாசலம் ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்து, அடியில் கையை நீட்டிப் பார்த்தார். வருஷக்கணக்கில் துவைத்துத் துவைத்து இழை விட்ட துணிகள். நாலைந்தைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"கௌரியம்மா," என்றார். "நீ ஒண்ணும் பாக்கல."

"ஆங், நான் இன்னாத்த பார்த்தேன்?" என்றேன்.

துணிகளைப் பிழிந்து ஒட்டுப் போட்டு, சுற்றிலும் காரை முள் வைத்துக் கட்டினார். குரங்கு கிட்ட வரவில்லை. செடிகள் பிழைத்தன! பத்தே நாளில் ஒன்றில் பச்சை விரல் போல ஒரு வேர் காற்றில் நீண்டது. சுந்தரமூர்த்தி கிணற்றடியை விட்டு எழுந்து வந்து செடிக்கு முன்னால் உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் அப்பாவும் மகனும் எதையோ பார்த்துச் சிரிப்பதைக் கேட்டேன். அந்த வீட்டில் அந்தச் சத்தம் எனக்குப் புதுசு.

நான் பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். பதினேழாம் நாள் சுவர் வழியாக ரத்தினம்மாள், "இந்தப் பழந்துணி எல்லாம் எங்கேர்ந்து வந்துச்சின்னு கேட்டா சொல்லமாட்டேன்றாருக்கா" என்றாள்.

"குளத்துப் படியில எவ்ளோ கீது, உனக்கு இன்னா பஞ்சம்?" என்றேன்.

சொன்னது அவ்வளவுதான். அதைச் சொன்ன வாயை அப்புறம் எத்தனையோ தடவை நானே அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கினி நட்சத்திரத்தின் நடு நாள் அது. வேதாசலமும் மகனும் கே.ஜி.கண்டிகைக்குத் தேங்காய் நார் வாங்கப் போயிருந்தார்கள். ரத்தினம்மாள் முள்ளையெல்லாம் கையாலேயே பிய்த்து, துணிகளை இழுத்துக் கீழே போட்டு, கொல்லை மூலையில் கொளுத்தினாள். "எவன் ஊட்டுப் பீடையோ எம் புள்ள வேல மேலயா? எம் புள்ள மேலயா?" என்று அந்த நெருப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். கை இரண்டிலும் முள் கிழித்த ரத்தம். நான் சுவரேறிக் குதித்துப் போய் அவளைப் பிடித்து உட்கார வைத்தேன். இரண்டு பேரும் நெருப்பைத்தான் பார்த்தோம். தலைக்கு மேல் நின்ற வெயிலைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் திரும்பியபோது மூன்று செடிகள் வேகவைத்த கீரை போலத் தொங்கின. நாலாவதில் ஒரே ஓர் இலை பச்சை.

வேதாசலம் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. செடிக்குப் பக்கத்தில் குந்தி, செத்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "அந்தத் துணியில நெழலு சரியா உழுந்துச்சி ரத்தினம்" என்று மட்டும் சொன்னார். சுந்தரமூர்த்திக்கு அது கேட்டிருக்காது. ஆனால் அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நேராகக் கிணற்றடிக்குப் போனான். ரத்தினம்மாள் அவன் பின்னாலேயே ஓடினாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கொல்லையில் நின்றிருந்தாள். முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, அந்த ஒற்றைத் தொட்டிக்கு மேலே பிடித்துக்கொண்டு. கழற்றிக் கட்டுவதற்கு வேறு புடவை இல்லை, அதனால் புடவையோடு தானும் நின்றாள். உச்சி வந்தது, அவள் நகரவில்லை. சுந்தரமூர்த்தி வந்து கையைப் பிடித்து இழுத்தான்.

"வாம்மா உள்ள. எனக்கு வேலையும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

"உனக்கு வாணாம்னா போடா," என்றாள், அவன் நல்ல காதுப் பக்கம் வாயை வைத்து. "இத்த நான் சாவ உடமாட்டேன்."

அவன் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளுக்குப் புகட்டினான். மீதியைத் தரையில் தெளித்தான். அவள் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

ஆனி பிறக்க இன்னும் இருபத்தெட்டு நாள். பதினோரு செடியைக் கொடுத்துவிட்டுப் போன துரை, ஒரு செடியைப் பார்த்து வேலை கொடுப்பாரா? வேதாசலத்தைக் கேட்டேன். இருபது வருஷம் அவரிடம் வேலை பார்த்தவருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் ரத்தினம்மாளின் கை சோர்ந்து தாழ ஆரம்பித்தது. நிழல் செடியை விட்டு விலகி விலகிப் போயிற்று. நான் போய் முந்தானையின் ஒரு முனையைப் பிடித்தேன். அவள் மற்ற முனைக்கு நகர்ந்தாள். தெருவில் போன எல்லம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ரெண்டு பேரும் இன்னா பண்ணிகினு கீறீங்க?" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் கை அசையும் என்று பயமாக இருந்தது.