இளவலுக்கு எழுதிய உரை

குன்றக்குடிக் குன்றின் மேனியில் மாலைக்கதிர் செம்பொற் குழம்பென வழிந்து, அடிவாரத்துக் கண்மாயின் சிற்றலைகளிற் சிதறி, கரைமேல் நின்ற பனைகளின் நிழலைக் கிழக்கே நீட்டிக்கொண்டிருந்த வேளையில், அருகிருந்த சிற்றூரின் அம்மன் திடலில் திருவிழா நாடகத்திற்கான ஒலிபெருக்கி, தொண்டையைச் செருமும் முதியவரைப் போலக் கரகரத்தது. கற்றறிந்த அன்பரே, சற்றே உள்ளே வருக. பொன்தாள் ஒட்டிய நாற்காலியை அரியணையெனக் கொண்டு மேடை நடுவே வீற்றிருப்பவரே சொல்வேழம் வீரபாண்டியனார். அப்பட்டத்தை வழங்கியவர் யாரென ஊரார் வினவியதில்லை. அழைப்பிதழை அச்சுக்குக் கொடுத்தவர் அவரே என்பது யாவரும் அறிந்ததுதான்.

நாடகத்தை யாத்தவரும் அவரே, அறம் வழுவா மன்னனாய் நடிப்பவரும் அவரே. அவர் படைத்த மன்னன் ஈகையில் கார்முகில், வீரத்தில் அரியேறு, அடர்ந்த கருங்குழலன். படைத்தவருக்கோ மணிமுடி நழுவினால் முழுநிலவு எழுந்துவிடும். மன்னனின் இளவலோ கொடியவன். நோயுற்ற தாயை மருத்துவர் காவலினின்று கவர்ந்து சென்று சாகடித்தவன். “என் எழுத்தில் சொந்த விருப்பு வெறுப்புக்கு அணுவளவும் இடமில்லை” என்று ஒத்திகைதோறும் முழங்கினார் வீரபாண்டியனார். ஆயினும் அவருடைய தம்பி காசி, மதுரை மருத்துவமனையொன்றிலிருந்து தாயை வீட்டுக்குக் கொணர்ந்ததையும், மறுநாளே அவள் கண்மூடியதையும், சென்னையிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு வந்துசேர்ந்த அண்ணன் “கொன்னுட்டியேடா!” என்று கதறியதையும், அன்றுமுதல் இருவரும் முகம் பாராததையும் அறியாதார் அவ்வூரில் எவருமிலர். ஆகவே இளவல் வேடம் புனைய ஒருவரும் இசையவில்லை. இறுதியில் காசியே விழாப் பொறுப்பாளர் இராமுவிடம் வந்து நின்றான்.

“மாமா, அந்த வேசத்தை எனக்கே குடுங்க. ரெண்டு வருசமா ஊரு என் முதுகுக்குப் பின்னால பேசுனதை, ஒருக்கா நானே முன்னால நின்னு பேசிப் பாக்குறேன்.”

பழியுற்றவன் தன் வாயாலேயே பழியை ஏற்கப் போகிறான் என்று, கரும்புக் கொல்லை கண்ட களிறு போல் உள்ளம் பூரித்தது சொல்வேழத்துக்கு.

இறுதிக் காட்சி வந்தது. தலைவெட்டும் ஆணைக்குக் காத்து அட்டைவாள் ஏந்திய கொலையாளன் அருகே நிற்க, கயிற்றால் பிணித்த கைகளோடு காசி நிமிர்ந்தான். அவன் வாய்மொழியை, அன்று சுடுகாட்டில் அவன் மறுமொழியாய்க் கதறியதிலிருந்தே சொல்லுக்குச் சொல் எடுத்து, செந்தமிழ் உடுத்தி, “நயவஞ்சகச் சிரிப்புடன்” என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தார் அண்ணன். காசி ஒரு சொல்லையும் மாற்றவில்லை. அச்சிரிப்பை மட்டும் விட்டுவிட்டான்.

“மன்னா! மருத்துவச் சாலையின் சுவரையே நோக்கிக் கிடந்த நம் அன்னை, ‘என் வீட்டில் சாகவிடு’ என்று என் கை பற்றி அழுதாள். தூக்கி வந்தேன். அன்று அவள் நா அழைத்த பெயர் உன்னுடையது. அருகில் இருந்த கை என்னுடையது.”

கடலை கொறித்த வாய்கள் நின்றன. படம்பிடிக்க உயர்ந்த கைப்பேசிகள் தாழ்ந்தன. அழுத குழவிகளும் அடங்கின. வஞ்சகனை இழிவுபடுத்தவென வடித்த சொற்கள், வான்பிளந்து இறங்கும் பேரிடியின் பின் நிலவும் அமைதியைப் போல், அத்திடல் முழுதும் நிறைந்து நின்றன. “வெட்டுக!” என்னும் ஒரு சொல்லே மன்னனுக்கு எஞ்சியிருந்தது. அது வரவில்லை.

“என்ன ராசாவே, மறந்து போச்சா? நீங்க எழுதுனதுதான!” என்று முன்வரிசையிலிருந்து குரல் கொடுத்தாள் ராக்காயி. கொலையாளனோ, “அண்ணே, வெட்டவா வேணாமா? கை வலிக்குது” என்று முணுமுணுத்தான். எவரும் சிரிக்கவில்லை.

வீரபாண்டியனார் எழுந்தார். ஒலிபெருக்கி அணையாதிருப்பதையும் மறந்தார், செந்தமிழையும் மறந்தார்.

“காசி… ஆத்தா என்னையக் கூப்பிட்டாகளாடா?”

“விடிய விடியக் கூப்பிட்டாகண்ணே. அதைத்தான அன்னைக்கே சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீக, காதுல வாங்கலை.”

அரசர் தம்பியின் கைக்கயிற்றை அவிழ்க்க முயன்றார். முடிச்சு இறுகிற்றேயன்றி நெகிழவில்லை. “இங்குட்டுத் திரும்பு” என்று அவர் சொல்ல, காசி திரும்பினான்.

அன்பரே, பகையால் எழுதுவோன் தன்னை அறவோனாகவும் பிறனைக் கயவனாகவும் புனைந்துவிடுதல் எளிது. தமக்கென அரியணை செய்துகொள்ளாத எழுத்தாளர் அரியர். ஆயினும் எழுதுவோன் பகைவன் வாய்ச்சொல்லைப் பழுதின்றிப் பெயர்த்து வைப்பானாயின், அவன் ஒளித்த வெறுப்பையும் அவன் கேளாத உண்மையையும் அதே சொல் ஒருங்கே சுமந்து நிற்கும். மனமறியாது கை எழுதிய அவ்வுண்மையின் முன், எழுதியவனும் ஏனையோரைப் போல் கேட்போனே ஆவான்.