பதினோராவது மீட்டர்

அந்தச் சந்தில் வெவ்வேறு வயதில் மூன்று கட்டடங்கள் இருந்தன. தையல்கார அம்மாவின் ஓட்டு வீட்டுக்கு எழுபது வயது. பக்கத்து மாடி வீட்டுக்கு முப்பது. அதை அடுத்து, நான்கு வருடத்துக்கு முன் எழும்பிய ஆறு மாடி அடுக்ககம். மூன்றின் கழிவுநீரும் தனித்தனிக் குழாய்களில் வந்து, சந்தின் கோடியில் மூடி போட்டிருக்கும் ஒரே சாக்கடைத் தொட்டியில், சேம்பரில், விழும்.

அடுக்ககத்தின் தரைத்தள வீட்டில் மூன்று மாதமாகக் குளியலறைத் தரை வழியே சாக்கடை பொங்கிக்கொண்டிருந்தது. பழைய வீட்டுக் குழாய் நொறுங்கி மண் சரிந்து சேம்பரை அடைத்துவிட்டது என்று அடுக்ககத்துச் செயலாளர் மனு கொடுத்தார். உடைந்தது உறுதியானால் தையல்கார அம்மாவின் இணைப்பைத் துண்டிப்போம் என்று நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கழிப்பறை இல்லாத வீட்டில் யார் எத்தனை நாள் இருக்க முடியும்? அந்த இடம் காலியானால் கார் நிறுத்த வசதி என்று செயலாளர் ஏற்கெனவே இரண்டு முறை அம்மாவிடம் கேட்டுப் பார்த்திருந்தார்.

உறுதி செய்து நகராட்சிக்கு அறிக்கை தர வந்தவள்தான் கேமராக்காரி. அக்காள் கணவர் நடத்தும் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக அவளுக்கு இதே வேலை. எலுமிச்சம்பழ அளவில் ஒரு கேமரா, அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி விளக்குகள், பின்னால் அறுபது மீட்டர் கேபிள். குழாய்க்குள் தள்ளத் தள்ள, உள்ளே இருப்பதும் எத்தனை மீட்டர் போயிருக்கிறது என்பதும் திரையில் தெரியும்.

தையல்கார அம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உடைஞ்சிருக்குன்னு எழுதிட்டு வந்தியா, இல்ல பாத்துட்டு எழுதப் போறியா?"

"பாக்காம எழுதற பழக்கம் எனக்கு இல்லம்மா."

"அப்ப உள்ள வா. ஆனா நானும் பக்கத்துல நின்னு பாப்பேன்."

சுட்ட மண் குழாய், இரண்டடிக்கு ஒரு இணைப்பு. கேமரா ஒவ்வொன்றாகக் கடந்தது. இரண்டு இணைப்புகளில் மட்டும் தலைமுடி போல மெல்லிய வேர்கள் எட்டிப் பார்த்தன. மற்றபடி விரிசல் இல்லை, சரிவு இல்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விடுவது போலக் குனிந்தாள்.

"நொறுங்கியா கிடக்கு?"

"எழுபது வயசுல இப்படி ஒரு குடல் இருந்தா டாக்டரே எழுந்து நின்னு கை கொடுப்பாரு."

மாடி வீட்டின் சிமெண்ட் குழாய் ஓரிடத்தில் சற்றுத் தொய்ந்து தண்ணீர் தேங்கியிருந்தது. கேமரா அதில் முங்கி எழுந்து தாராளமாகச் சேம்பர் வரை போனது. அடுத்து அடுக்ககத்துக்குக் கேபிளை இழுத்துக்கொண்டு போனபோது செயலாளர் குறுக்கே வந்தார்.

"எங்களோடது புதுசும்மா. அதுல பாக்க என்ன இருக்கு?"

"மூணும் ஒரே சேம்பர்ல விழுது சார். ஒண்ணை மட்டும் பாத்துட்டு என்னத்தைச் சொல்ல?"

பத்து மீட்டர் வரை பளபளவென்று பிளாஸ்டிக் குழாய். பதினோராவது மீட்டரில் கேமரா முட்டிக்கொண்டு நின்றது. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. இறுகிப்போன சிமெண்ட். அதற்குள் ஓட்டுச் சில்லும் கிழிந்த சாக்கும் பதிந்திருந்தன. கட்டும்போது கலவைச் சட்டியைக் கழுவி யாரோ குழாய்க்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள். மேலே இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

செயலாளரின் முகம் சுண்டிப்போயிற்று. ஓரமாகப் போய்ப் போனில் பேசினார். ஐந்தாவது நிமிடத்தில் அவளுடைய போன் அடித்தது. அக்காள் கணவர்.

"புதுக் கட்டடத்தை யாரு உன்னைப் பாக்கச் சொன்னா?"

"அடைப்பு இங்கதான் இருக்கு மாமா."

"பழைய குழாய்ல வேர் இருக்குல்ல?"

"நாலு முடி அளவுக்கு இருக்கு."

"வேர் புகுந்து குழாய் சேதம்னு எழுது. அந்த அடுக்ககத்தைக் கட்டின பில்டரோட இன்னும் ஆறு கட்டடம் நம்ம கையில இருக்கு. உங்க அக்கா வீட்டு அடுப்பு எரியறதே அதுலதான்."

அவள் போனை இன்னொரு காதுக்கு மாற்றினாள். அக்காளை இழுக்காமல் பேசியிருந்தால் ஒருவேளை தயங்கியிருப்பாளோ என்னவோ.

"சேதம் இல்லாததைச் சேதம்னு என் கையால எழுத மாட்டேன் மாமா."

"அப்ப வேற கைய வச்சு எழுதிக்கிறேன். கேமராவைச் சுருட்டிட்டுக் கிளம்பு."

அவள் சுருட்டவில்லை. திரையைத் தூக்கிக்கொண்டு வந்து சந்தின் நடுவில் ஒரு ஸ்டூலில் வைத்தாள். அதிகமாக அவதிப்பட்ட தரைத்தள வீட்டு அம்மாவைக் கூப்பிட்டாள். மேல் மாடிக்காரர்களும் படியிறங்கி வந்தார்கள். சேம்பரின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, பையிலிருந்து இரண்டு சாயப் பொட்டலங்களை எடுத்தாள்.

"சிவப்பைத் தையல்கார அம்மா அவங்க கழிப்பறையில கொட்டித் தண்ணி விடுவாங்க. பச்சையை மேல் மாடிக்காரங்க உங்க கழிப்பறையில கொட்டுங்க. எது வருது, எது வரலைன்னு எல்லாரும் கண்ணால பாருங்க."

"இதெல்லாம் எதுக்கு? நான் போலீசைக் கூப்பிடுவேன்" என்றார் செயலாளர்.

"கூப்பிடுங்க. அவங்களும் பாக்கட்டும்" என்றாள் தையல்கார அம்மா, பொட்டலத்தை வாங்கிக்கொண்டே.

அரை நிமிடத்தில் சிவப்புத் தண்ணீர் சேம்பரில் குதித்து ஓடியது. பச்சைக்காகக் காத்திருந்தார்கள். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். அடுக்ககத்துக் குழாய் வாயில் மெல்லிய கசிவைத் தவிர எதுவும் வரவில்லை. அதற்குள் வீட்டை எட்டிப் பார்க்கப் போன தரைத்தள அம்மாவின் அலறல் கேட்டது.

"ஐயோ, என் பாத்ரூம் முழுக்கப் பச்சைத் தண்ணி!"

அந்த அம்மா புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி நேரே செயலாளரிடம் வந்தாள். "மூணு மாசமா என்னை மூக்கைப் பொத்திக்கிட்டுச் சோறு திங்க வச்சிட்டு, பாவம் அந்தம்மா மேல பழியைப் போட்டியா?" அவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாலு மாடிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

கேமராக்காரி அங்கேயே அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கேமரா எடுத்த படத்தின் ஒரு பிரதியைத் தையல்கார அம்மாவிடமும், இன்னொன்றைத் தரைத்தள அம்மாவிடமும் கொடுத்தாள். பிறகு அலுவலகத்துக்குப் போய்க் கேமராவையும் கேபிளையும் மேஜைமேல் வைத்தாள். மாமா தலை நிமிரவில்லை.

"நாளையிலேருந்து வராத."

"சரி மாமா."

திடமாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்து சோப்பைப் போட்டுப் போட்டுக் கை கழுவிக்கொண்டே இருந்தாள். ஒன்பது வருடம். சாயங்காலம் அக்காள் போன் செய்தாள். எடுத்ததும் திட்டு. "ஊர் முன்னாடி அவரை அவமானப்படுத்திட்டியேடி!" திட்டி முடித்து மூச்சு வாங்கியபின் கேட்டாள்: "நிஜமாவே சிமெண்டா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்க்கா."

அக்காள் போனை வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் நகராட்சிப் பொறியாளர் தன் ஆட்களோடு வேறொரு கேமராவைக் கொண்டுவந்தார். அதுவும் பதினோராவது மீட்டரில்தான் முட்டியது. தையல்கார அம்மாவுக்கு வந்த நோட்டீஸ் ரத்தானது. அடுக்ககத்தின் பூச்செடிகளைப் பிடுங்கிவிட்டுப் பள்ளம் தோண்டினார்கள். புதுச் செயலாளராகத் தரைத்தள அம்மா பொறுப்பேற்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு காலை, மாமா அக்காளையும் கூட்டிக்கொண்டு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"ரெண்டு மூணு இடத்துல கேமராக்காரியையே அனுப்புங்கன்னு கேக்குறாங்க. நடந்ததை மறந்துட்டு வந்துடு."

"நான் மறக்கல மாமா. வர்றேன். ஆனா நான் பாத்ததைத்தான் நான் எழுதுவேன். அதுல ஒரு எழுத்தை மாத்தணும்னா, மாத்துறவங்க குழாய்க்குள்ள தவழ்ந்து போய்ப் பாத்துட்டு வந்து மாத்தட்டும்."

அக்காள் குபீரென்று சிரித்துவிட்டாள். மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயும் அவ பக்கமா?"

"வீட்டுல சொன்னா கேக்க மாட்டீங்க. அவ சொல்றதையாவது கேளுங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"திங்கக்கிழமை எட்டு மணி. லேட் பண்ணாத."

"ஏழரைக்கே வந்துடுவேன். இந்த மூணு வாரத்துல கேபிளை என்ன சிக்கல் பண்ணி வச்சிருக்கீங்களோ."