கிராணியிடம் சொன்ன பிறப்பு

"இந்தத் தீவுல மொத்தமே பதினஞ்சாயிரம் பேருதானாம்க்கா," என்றாள் மோகனா. "அதுக்கு ஒரு பிரதம மந்திரி, ஒரு பார்லிமெண்டு, தனியா ஒரு கொடி, ஒரு பாட்டு."

"பதினஞ்சாயிரமா? நம்ம பசார்ல தீபாவளிக்கு வர்ற கூட்டம்லா அது."

தம்பினில் மோகனாவின் தையல் கடை. கோலாலம்பூருக்கு விளையாட வரும் குக் தீவுகள் குழுவுக்குக் கொடி தைத்துக்கொண்டிருந்தார்கள். நீலத் துணியில் வெள்ளை நட்சத்திரங்களை வட்டமாகத் தைப்பது மங்கம்மாவின் வேலை. சட்டைக்கான சின்னத்தை மோகனா பார்த்துக்கொண்டாள்: கேடயத்துக்கு ஒரு பக்கம் பறக்கும் மீன், மறுபக்கம் வெள்ளைக் கடற்பறவை.

"அவங்க ஆட்சிய அவங்களே பாத்துக்கிறாங்க. ஆனா பாஸ்போர்ட்டு நியூசிலாந்து பாஸ்போர்ட்டு. பொறக்கும்போதே ரெண்டு வீடு அவங்களுக்கு."

"அங்க புள்ள பொறந்தா யார்கிட்ட போயி சொல்லுவாங்க?"

மோகனா மிஷினை நிறுத்தினாள்.

அறுபது வயது மங்கம்மாவிடம் இருப்பது சிவப்பு ஐசி, நிரந்தரவாசிக்கான அடையாள அட்டை. லாபு பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பிறப்புப் பத்திரம் இல்லை. இந்த நாட்டில் குடியிருக்கலாம், குடிமகள் என்று சொல்லிக்கொள்ள முடியாது. போட்ட மனுவெல்லாம் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் இரக்கப்பட்டு ஒரு வழி சொல்லியிருந்தாள். மங்கம்மா பிறந்ததை அறிந்த ஒருவர் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும். மருத்துவச்சி எப்போதோ போய்விட்டாள். லயத்துப் பெரியவர்களும் போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒருவர்: தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்த கிராணி நல்லசாமி.

"அவரு போடுவாராக்கா?"

"ஏன் போடமாட்டாரு? அவருக்குத் தெரியாம லயத்துல ஒரு பூன குட்டி போட்டிருக்குமா?"

மதியம் மோகனாவின் காரில் சிரம்பானுக்குப் போனார்கள்.

நல்லசாமி மகன் வீட்டில் இருந்தார். எண்பது தாண்டியும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு கொடி மாட்டியிருந்தது. பச்சைத் துணி, நடுவில் வெள்ளையாக ஒரு ரப்பர் மரம்.

"தோட்டத்துக் கொடியா ஐயா?" என்றாள் மோகனா.

"பின்ன? தொர சீமைக்குப் போறப்ப எங்கையில குடுத்துட்டுப் போனாரு. காலையில ஆளுங்கள வரிசையா நிறுத்திப் பெரட்டு எடுப்போமே, அதுக்கு முந்தி நான்தான் ஏத்துவேன்." அவர் முதுகு நிமிர்ந்தது. "அது தனி கவர்மெண்டும்மா. சுத்திலும் மரம், நடுவுல நாங்க. கட எங்களுது, ஆசுபத்திரி எங்களுது, கோயிலு எங்களுது. சண்டன்னு வந்தா தீர்ப்பும் எங்களுது. போலீசே தொரையக் கேட்டுட்டுத்தான் உள்ள வருவான்."

"தொர ராஜா, நீங்க மந்திரி."

"அப்படித்தான் வச்சுக்கயேன்."

"அப்ப நாங்க?"

"நீங்க சனங்க," என்று சிரித்தார்.

மங்கம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "ஐயா, நான் திருச்செல்வம் மக."

"தெரியாமயா? பாலெடுக்க மரம் வெட்டுன திருச்செல்வம். நீ பொறந்த அன்னிக்குப் பெரட்டுல வந்து கையக் கட்டி நின்னான். 'கிராணி ஐயா, பொட்டப் புள்ள'ன்னான். 'சரி, எழுதிட்டேன், போடா'ன்னேன். சந்தோசத்துல பால் வாளிய விட்டுட்டு ஓடுனான். வேல வாங்குற மண்டோர் கத்துறாரு, இவன் திரும்பிப் பாக்கல."

மங்கம்மா இதைக் கேட்டதே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அதயேதான் ஐயா நீங்க ஆணையர் முன்னாடி சொல்லணும். அப்பா ஒங்ககிட்ட வந்து சொன்னாருன்னு."

நல்லசாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எழுதுனது தோட்டத்துக் கணக்குலம்மா. புள்ளைக்குப் பால்மாவு குடுக்க. சர்க்காருக்குச் சொல்லவேண்டியது அவன்ல?"

"ஒங்ககிட்ட சொன்னா சர்க்கார்கிட்ட சொன்ன மாதிரின்னு நெனச்சிட்டாரு. லயத்துல எல்லாருமே அப்படித்தான் ஐயா நெனச்சாங்க."

"அவங்க நெனச்சா அதுக்கு நான் என்ன பண்றது?"

மோகனா மெதுவாகக் கேட்டாள். "ஒங்க புள்ளைங்க பொறந்தப்ப என்ன பண்ணீங்க ஐயா?"

"அதுக்கென்ன, அன்னிக்கே சைக்கிள எடுத்துட்டுப் பொறப்பப் பதியப் போலீஸ் டேசனுக்குப் போயி..."

மருமகள் தனலெட்சுமி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்ப ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் மோகனா. "தோட்டம் கவர்மெண்டு இல்லன்னு ஒங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு."

"ஏய், மரியாத! கோயில் தலைவரா இருந்தவன் நான். 'சொன்னாங்க, நான் பதியல'ன்னு இந்த வயசுல போயி கையெழுத்துப் போட்டா, நாளைக்கு ஒவ்வொருத்தனா வந்து வாசல்ல நிப்பான்."

"நிக்கட்டுமே. பதியாம போனவங்க எத்தன பேரு சாகாம இருக்காங்கன்னாவது தெரியும்."

"மோகனா, பேசாம இரு," என்றாள் மங்கம்மா.

நல்லசாமி தேநீரை எடுத்துக் குடித்தார். குடித்து முடித்தபோது குரல் இறங்கியிருந்தது.

"உன்ன அலையவிடுவேனா? கையெழுத்துப் போடறேன். தோட்டத்துல பொறந்தவ, கைக்கொழந்தையா பாத்திருக்கேன்னு போடறேன். ஆனா ஏன் பதியலன்னு கேப்பான். திருச்செல்வம் யார்கிட்டயும் சொல்லல, வெவரம் தெரியாதவன்னு எழுதணும். அப்படின்னா வர்றேன்."

"செத்தவரு மேல பழி போடுறீங்களா?" மோகனா எழுந்துவிட்டாள். "வாங்கக்கா, போலாம்."

"செத்தவனுக்கு அதுல என்ன கொறஞ்சிரும்? இவளுக்கு ஐசி வேணுமா வேணாமா? அத கேளு."

மங்கம்மா எழவில்லை. வாளியை விட்டுவிட்டு ஓடிய மனிதனைப் பற்றி அவளுக்குப் புதிதாகக் கிடைத்திருந்தது அந்த ஒரு காட்சிதான். கிடைத்த சூட்டிலேயே அதைக் கிழவர் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார்.

"சரிங்கய்யா," என்றாள். "அப்படியே எழுதிக்கலாம்."

மறுநாள் காலை ஆணையர் குணாளனின் அறை. அவர் தாளை ஒருமுறை உரக்கப் படித்துவிட்டு மங்கம்மாவைப் பார்த்தார். நல்ல மனிதர், திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

"என்னம்மா இது, ஒங்க அப்பா ஒருத்தர்கிட்டகூடவா சொல்லல? பக்கத்துலயே கிராணி இருந்திருக்காரு. அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இவரு மாதிரி படிச்சவங்க பதிஞ்சு குடுத்திருப்பாங்கல்ல?"

நல்லசாமி மேசை மேலிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மோகனா மங்கம்மாவின் முழங்கையை அழுத்தினாள். மங்கம்மா கையை விலக்கிக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் மங்கம்மா. "அவரு யார்கிட்டயும் சொல்லலீங்க. அவருக்கு அதெல்லாம் தெரியாது."

நல்லசாமி அழகாகக் கையெழுத்துப் போட்டார். தோட்டத்தில் போட்ட அதே கையெழுத்து, கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடு. பக்கத்தில் முத்திரை விழுந்தது.

மோகனா யாருக்கும் காத்திராமல் காரை எடுக்கப் போய்விட்டாள். படிக்கட்டு செங்குத்தாக இருந்தது. கிழவர் முதல் படியிலேயே நின்று, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கையை நீட்டினார். மங்கம்மா தோளைக் கொடுத்தாள்.

"பாத்து எறங்குங்கய்யா," என்றாள்.