சோற்றில் கலக்காத மாத்திரை

திருச்சுழிப் பக்கத்து ஊரில் மானாவாரி நிலத்தில் கொத்தமல்லியும் மக்காச்சோளமும் போடுகிறவர் வெள்ளத்துரை. காதுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றுதான் அவருக்கு ஆரம்பித்தது. பிறகு பக்கத்து நிலத்துக்காரர்கள் தன்னைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறார்கள் என்றார். ஒருநாள் மம்பட்டியோடு போய் பஸ்ஸை மறித்தார். ஆஸ்பத்திரியில் இருந்து தேறி வீடு திரும்பிய பிறகு, அவரைப் பார்த்துவரும் பொறுப்பு ஜாய்ஸுக்கு வந்தது. ஜாய்ஸ் அருப்புக்கோட்டைக்காரி, மனநலப் பிரிவில் நர்ஸ். வாரத்துக்கு ஒருமுறை ஸ்கூட்டரில் வருவாள்.

அன்று முற்றத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளத்துரை மெதுவாகச் சொன்னார்.

"சிஸ்டர், என் சோத்துல என்னமோ கலக்குறாக."

ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நோய் முழுதாக விலகவில்லை என்று ஜாய்ஸ் நினைத்தாள்.

"சோத்துல ஒன்னுமில்லண்ணே. ஆனா உங்களுக்குப் பயமா இருக்குன்னு புரியுது" என்றாள்.

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். அவருடைய மனைவி காளீஸ்வரி டம்ளரின் அடிப்பாகத்தால் ஒரு மாத்திரையை நசுக்கி, அந்தப் பொடியைக் குழம்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கையில குடுத்தா துப்பிப்புடுறாக சிஸ்டர்" என்று காளீஸ்வரி கிசுகிசுத்தாள். "அவுக அண்ணன்தான் இப்பிடிக் குடுன்னாக. வந்ததுலருந்து இப்பிடித்தான்."

வெளியே உட்கார்ந்திருக்கிற மனிதர் சொன்னது உண்மை. இல்லையென்றது அவள்தான்.

ஸ்கூட்டரை ஊர் எல்லையில் நிறுத்தி டாக்டருக்கு போன் செய்தாள். "மருந்து திடீர்னு நின்னா நோய் திரும்ப வரலாம்" என்றார் அவர். "ஆனா ஏமாத்திக் குடுக்கக் கூடாது. இப்ப ஓரளவு தெளிவா இருக்கார். அவர்கிட்டயே சொல்லிடுங்க. கூடவே இருந்து கவனிங்க."

மறுநாள் அண்ணன் மாரிக்கண்ணனையும் வைத்துப் பேசினாள். தம்பியிடம் சொல்லிவிடுவது அவருக்கு ஒப்பவில்லை.

"நல்லா இருக்கவன எதுக்கும்மா கெளப்பணும்? தெரிஞ்சா ஒருவாய் திங்க மாட்டான்."

"ஏற்கெனவே பயந்துபோய் இருக்காரு. அந்தப் பயத்த நாமளே நெசமாக்கிக்கிட்டு இருக்கோம். அவருக்குத் தெரியாம அவரு உடம்புக்குள்ள எதுவும் போகக் கூடாதுண்ணே."

"சொன்னா என்னையத்தான் வெறுப்பாக" என்றாள் காளீஸ்வரி.

"நான் சொல்றேன். நீங்க பக்கத்துல மட்டும் இருங்க."

முற்றத்தில் வெள்ளத்துரைக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் எழுந்து போக நினைத்தால் போவதற்கு வாசல் பக்கத்தை விட்டே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நேத்து நீங்க சொன்னது சரிதான். சோத்துல கலந்துதான் குடுத்திருக்காங்க. வெசமில்ல. உங்க மாத்திரை. இனிமே கலக்க மாட்டாங்க."

அவர் மனைவியை நெடுநேரம் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தன் புஞ்சைக்காட்டுக்கு நடந்தார்.

அன்றிலிருந்து அங்கே வற்றிப்போன கிணற்றோரம் இருந்த பழைய மோட்டார் ரூம்தான் அவருக்கு வீடு. வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. கடையில் வாங்கிய வாழைப்பழம், தானே அவித்த முட்டை, நிலக்கடலை. மாத்திரையும் இல்லை.

காளீஸ்வரி வாசலிலேயே ஜாய்ஸைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஸ்கூட்டர்ல போயிருவீக. நாந்தான கெடந்து சாகணும்?"

"ஆமா, பாரம் உங்களுக்குத்தான்" என்றாள் ஜாய்ஸ். "அதுனாலதான் நாளைக்கும் வாரேன்."

தினமும் வந்தாள். மோட்டார் ரூமுக்கு வெளியே, வேலிக்கருவை நிழலில் உட்காருவாள். முதலில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார். பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், பார்க்க வந்தேன் என்றாள். சொன்னபடியே மாத்திரைப் பேச்சை எடுக்காமல் எழுந்து போனாள்.

ஒருநாள் அவர் கண்கள் சிவந்திருந்தன. சரியாகத் தூங்கவில்லை.

"மறுபடி பேசுறாக. உங்களுக்குக் கேக்குதா?"

"எனக்குக் கேக்கலண்ணே. உங்களுக்குக் கேக்குதுன்னு நம்புறேன். என்ன சொல்றாக?"

"உங்களையும் நம்பாதங்குறாக." அவள் பக்கம் திரும்பினார். "சோத்துல ஒன்னுமில்லன்னு சொன்னீகள்ல?"

"சொன்னேன். தெரியாம சொன்னது. தப்புத்தான். தெரிஞ்சப்பறம் மறைக்கல."

அவர் கையிலிருந்த கடலைத் தோலை நொறுக்கினார்.

"அத முழுங்குனா கை நடுங்குது சிஸ்டர். மம்பட்டி பிடிக்க முடியல. வாயில எச்சி ஒழுகுது. டீக்கடையில சிரிக்கிறானுக. அதான் துப்புனேன்."

"இத யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு கேட்டா?"

ஜாய்ஸ் தலையை ஆட்டினாள். "நாளைக்கு டாக்டர்ட்ட போவோம். நீங்களே சொல்லுங்க. வேற மருந்து குடுக்க முடியுமான்னு நானும் கேக்குறேன்."

"உள்ள போட்டுருவீகளா?"

"சேக்கணும்னு டாக்டர் சொன்னா அதையும் உங்க முகத்துக்கு நேராத்தான் சொல்வேன். உங்களுக்குத் தெரியாம ஒன்னும் நடக்காது."

அவர் யோசித்தார். "வாரேன்" என்றார்.

அந்த நேரத்தில் லோடு ஆட்டோ ஒன்று வரப்போரம் வந்து நின்றது. மாரிக்கண்ணன் கயிற்றோடு இறங்கினார். தம்பி தனியாகக் கத்திக்கொண்டிருந்ததாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெள்ளத்துரை சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜாய்ஸ் எழுந்து மாரிக்கண்ணனுக்கு எதிரே நின்றாள். நகரவில்லை.

"கயிறு வேணாம்ணே. நாளைக்கு அவரே வாரேன்னு சொல்லியிருக்காரு."

"கிறுக்கன் பேச்ச நம்பச் சொல்றியா?"

"நம்பச் சொல்றேன். வரலேன்னா நானே ஆஸ்பத்திரி வண்டிய வரச் சொல்றேன். இப்ப கட்டி ஏத்துனா இனி எந்த மருந்தும் அவரு வாய்க்குள்ள போகாது."

மாரிக்கண்ணன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். குரல் உடைந்தது. "கூடப் பொறந்தவன்மா. கட்டணும்னு எனக்கு மட்டும் ஆசையா?"

"இல்லண்ணே. அது எனக்குத் தெரியும். நாளைக்கு நீங்களும் பஸ்ஸுல வாங்க. பக்கத்துல உக்காருங்க, போதும்."

அவர் கயிற்றை வண்டிக்குள் எறிந்தார்.

காலையில் ஜாய்ஸ் பஸ் ஸ்டாப்புக்கு வந்தபோது வெள்ளத்துரை அங்கே இல்லை. காளீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி நின்றாள். பஸ் திரும்பி வருகிற சத்தம் கேட்ட பிறகுதான் அவர் ஓடைக்கரைப் பக்கமிருந்து துவைத்த சட்டையோடு வந்தார். யாரிடமும் பேசாமல் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். அண்ணன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். காளீஸ்வரியும் ஜாய்ஸும் பின்னால் ஏறினார்கள்.

டாக்டரிடம் கை நடுக்கத்தைப் பற்றி அவரே சொன்னார். டாக்டர் கையை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வேறு மருந்தைக் குறைந்த அளவில் எழுதினார். மாத்திரை அட்டையை வெள்ளத்துரையே வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கூட இருந்த மூவரில் ஒருவரும் கேட்டு வாங்கவில்லை.

காதில் கேட்கும் பேச்சு முழுதாக நிற்கவில்லை. தூரத்து ரேடியோ மாதிரி ஆகிவிட்டது என்றார். மம்பட்டி கையில் நின்றது. வீட்டுக்குத் திரும்பினார். ஆனாலும் காளீஸ்வரி சமைப்பதை அடுப்படியில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் சாப்பிட்டார். அவளுக்கு அது வலித்தது. ஜாய்ஸிடம் அழுதாள். "நம்பிக்கை போன வேகத்துல திரும்பாது காளீஸ்வரி. அவரு பாக்கட்டும். நீங்க சமைங்க" என்றாள் ஜாய்ஸ்.

மழை பெய்து விதைப்பு நடந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பாலவனத்தம் கிராமத்தில் வேறொரு வீட்டைப் பார்த்துவிட்டு ஜாய்ஸ் வெளியே வந்தபோது போன் அடித்தது. காளீஸ்வரி.

"சிஸ்டர், காலையிலேயே காட்டுக்குப் போயிட்டாக. இப்பத்தான் வந்தாக. நான் சமைச்சு மூடி வச்சிருந்தேன். தட்ட எடுத்துப் போட்டு உக்காந்துட்டாக. ஒன்னும் கேக்கல. ரெண்டாந்தடவ கொழம்பு வாங்கிக்கிட்டாக."

ஜாய்ஸ் ஸ்கூட்டர் மேல் சாய்ந்துகொண்டாள்.

"நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இனிமேத்தான்" என்றாள் காளீஸ்வரி.