சிவப்பு நூல் கட்டின காய்

கிட்ட வாங்கோ பிள்ளையள், காத்தாடிக்குக் கீழ இருங்கோ. ஒரு பயித்தங்கொடியின்ர கதை சொல்லுறன். நம்மட வெள்ளவத்தையில்தான் நடந்தது.

பாலேஸ்வரியும் மனுசன் தில்லைநாதனும் ஒரு பிளாட்டின் கீழ்வீட்டில் இருந்தவை. பின்மதிலோரம், பெயின்ற் வாளியளில் அவர் பயித்தை நட்டிருந்தார். நல்ல நீளக் காய் ஒன்றில் சிவப்பு நூல் கட்டினார்.

"இது விதைக்கு. இதை ஆய்ஞ்சியெண்டால் பாலேசு, உன்னைத்தான் கறி வைப்பன்."

"என்ர எலும்புக்கு ரசம்தான் வரும்," என்றா அவ.

அடுத்த கிழமை அவர் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

செத்தவீட்டுத் துடக்கோடு தொட்டால் கொடி பட்டுப்போகும் என்று எங்கட ஆக்களுக்கு ஒரு பயம். பாலேஸ்வரி கிட்டப் போகவில்லை. பக்கத்து வீட்டு றஷ்மிதான் தண்ணி விட்டு, பிஞ்சுக் காய்களை ஆய்ந்தா. நூல் கட்டினதைத் தொடவேண்டாம் என்று அவவுக்குச் சொல்லியிருந்தது. அது மெல்ல மஞ்சளித்துக் காய்ந்தது. முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து துடக்குக் கழித்ததும், மனுசன் கட்டின நூலைத் தன் கையால் அவிழ்த்து, அந்த விதையை அவருடைய வாளியிலேயே ஊன்ற வேணும். அந்த நினைப்பில்தான் பாலேஸ்வரி எழும்பினா, சாப்பிட்டா.

முப்பத்தோராம் நாள் விடிய கொட்டாஞ்சேனையிலிருந்து தில்லைநாதனின் தங்கச்சி சுபோதினி வந்தா. கட்டிக்கொடுத்த பெண்ணல்லவா, அவவுக்குத் துடக்கு எப்பவோ கழிந்துவிட்டது. பாலேஸ்வரி தலை முழுகிவிட்டு வர, குசினியில் கறி கொதிக்குது.

"மச்சாள், அண்ணை நட்டதை அண்ணைக்கே படைப்பம் எண்டு ஒண்டும் விடாமல் ஆய்ஞ்சிட்டன். ஒண்டு சரியான முத்தல், உரிச்சுக் கொட்டையைப் போட்டிருக்கிறன்." சொல்லச் சொல்லவே சுபோதினிக்கு அழுகை வந்தது. "பயித்தங்காய் எண்டால் அண்ணைக்கு உயிரெல்லோ..."

தேங்காய் துருவுற திருவலைக்குப் பக்கத்தில், நிலத்தில், சிவப்பு நூல் கிடந்தது.



"நல்ல வேலை செய்தனீங்கள்," என்றா பாலேஸ்வரி.

படைத்துச் சாப்பிடேக்க ஒரு கொட்டை பல்லில் பட்டது. விழுங்கவில்லை. கன்னக் கொடுப்புக்குள் அடக்கி வைத்திருந்து, எல்லாரும் போனபிறகு கழுவி, வாளி மண்ணில் ஊன்றினா.

அவிச்ச கொட்டை முளைக்குமோ பிள்ளையள்? முளைக்காது. அவவுக்கும் தெரியும். இண்டைக்கும் காலமையில் போய்ப் பாருங்கோ, அந்த வாளிக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிப்பா.

உங்கட வீடுகளில் விதைக்கு விட்ட காய் விதைக்கே நிற்கட்டும். நட்ட கையே அதை ஆயட்டும். குடும்பத்தோட நல்லா இருங்கோ, என்ர குஞ்சுகள்.