ராதோய்க்காவின் ஐந்நூறு ஜிபி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை நான் பட்ட அவமானத்தில் பிறந்தது. செர்பியாவின் நீஷ் நகரில் என் எதிர்வீட்டுக்காரி ராதோய்க்கா, பதினேழு வருடமாகப் பேருந்து ஓட்டுகிறவள். கம்ப்யூட்டரின் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி வாங்கப் போகிறேன் என்றாள். பாவம், ஏமாந்துவிடுவாளே என்று துணைக்குப் போனேன். வாயை மூடிக்கொண்டு திரும்பினேன்.

2.

முதல் தொடக்கம்: ‘கைக்கும் வாய்க்குமாக வாழ்ந்த ராதோய்க்கா, விலை மலிவான...’

இதை அவளிடம் செர்பிய மொழியில் சொல்லிக்காட்டியது என் தப்பு.

“யாருய்யா கைக்கும் வாய்க்கும்? காசில்லாமயா வாங்குனேன்? கணக்குப் போட்டு வாங்குனேன். அந்த வரியை அடி!”

அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்: அவளுடைய அண்ணன் மோமிர் ஜெர்மனியில் பெயின்ட் அடிக்கிறான். அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வது சனிக்கிழமை மதியம், இணையத்தில் ஒரே அணியில் துப்பாக்கிச் சண்டை விளையாடும்போது மட்டும்தான். இவளுடைய பழைய ஹார்ட் டிஸ்க் களத்தைத் திறப்பதற்குள் அங்கே பாதிச் சண்டை முடிந்திருக்கும். இந்தச் சனியும் பிந்தினால் வேறு ஆள் என்று அணி சொல்லிவிட்டது. இடம் போனால் அண்ணன் குரலும் போகும்.

(இதுவே நிற்கட்டும்.)

3.

“நொடிக்கு ஏழாயிரம் எம்பி, அக்கா! எடுத்துக்க, பறக்கும்” என்றான் கடைக்காரன்.

“எம் போர்டு பழசு தம்பி. அதுல இருக்குற கேபிள் நொடிக்கு ஐந்நூத்துச் சொச்சம் எம்பிக்கு மேல விடாது. சந்துல ஓட்டுற பஸ்ஸுக்கு ரேஸ் இன்ஜின் எதுக்கு?”

“அப்போ இந்தா, எல்லாத்துலயும் மலிவு. இருநூத்தி நாப்பது ஜிபி.”

“என் கேம் ஒண்ணே நூத்திமுப்பது. மிச்சத்துல நான் குடியிருக்கவா? அந்த ஐந்நூறு ஜிபியைக் காட்டு. சில்லுல ஒரு அறைக்கு மூணு பிட்டா, நாலா? நாலு திணிச்சது நிறைஞ்சா நொண்டும்.”

அவன் பெட்டியைத் திருப்பிப் படித்தான். எனக்கும் அது தெரியாது. மூன்றுதான். ஐந்து வருட வாரன்ட்டியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்பினாள். அவளோடு நடந்துவர எனக்கே பெருமையாக இருந்தது.

[குறிப்பு: அவளுடைய இந்தப் பிடிவாதத்தை இந்த ஊரில் ‘இனாத்’ என்பார்கள். வீம்பு என்று எழுதினேன், பிறகு ரோஷம் என்று மாற்றினேன். விவரம் தெரிந்தவளின் வீம்புக்குத் தமிழில் தனிச் சொல் உண்டென்றால் எனக்கு எழுதுங்கள்.]

4.

வீட்டு வாசலில் ஜெர்மனிப் பொட்டலம். உள்ளே சூயிங்கம் பட்டை அளவில் அந்த ஏழாயிரம் எம்பி எஸ்எஸ்டி. ‘ஒரு மாச ஓவர்டைம். என் தங்கச்சி யாருக்கும் பிந்தக் கூடாது’ என்று மோமிர் எழுதியிருந்தான். அவள் போர்டில் அதைச் செருக இடமே கிடையாது.

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, மடையா” என்று துண்டுச்சீட்டைத் தடவினாள். தான் வாங்கியதையே மாட்டினாள்.

சனிக்கிழமை களம் திறந்தது. அவள்தான் முதல் ஆள். அணியில் மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள்.

“ஏ புள்ள! எனக்கு முன்னாடியே வந்துட்டியா!” ஹெட்போனில் மோமிர் கத்தினான். “பாத்தீங்களாடா? நான் அனுப்பினது! எப்படிப் பறக்குது பாத்தீங்களா!”

5.

முடிவு ஒன்று: ‘இது நானே தேர்ந்தெடுத்ததுண்ணே’ என்று போட்டு உடைக்கிறாள். நியாயம் அதுதான். ஆனால் அணி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

முடிவு இரண்டு: ‘ஆமாண்ணே’ என்கிறாள். அன்பு அதுதான். ஆனால் அவளுடைய முதல் வெற்றியை அவளே தாரைவார்த்துக் கொடுத்த மாதிரி...

முடிவு மூன்று: அவள்...

இல்லை. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும், பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். எழுத மாட்டேன். மைக் திறந்திருக்கிறது, அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறான். உங்கள் அண்ணனாக இருந்தால் என்ன சொல்வீர்களோ, அதைச் சொல்லுங்கள்.