மீசைக்காரர்களுக்குப் போட்ட உப்பு

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்ணாடிக் கடை வைத்திருந்த கிஃபாயத்துல்லாவுக்குக் கண்ணாடி அறுக்கையில் கை எவ்வளவு நிதானமோ, வாய் அவ்வளவு அவசரம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். அந்த வாயால் அவன் பெண்டாட்டி ஷஹர்பானுவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். அதன் பிறகு பதினான்கு மாதமாக அவள் அவனோடு சரியாகப் பேசவில்லை. "நாஸ்தா கீது", "சாவி எங்க" என்பதோடு சரி.

நடந்தது இதுதான். அவர்களுடைய இரண்டு வயதுப் பையன் ஜெயினுலாபுதீனுக்கு வயிற்றாலே போனது. கிஃபாயத்துல்லா கண்ணாடி எடுக்க மெட்ராஸ் போயிருந்தான். வயிற்றாலே போகிற பிள்ளைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் இன்னும் போகும் என்பது அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். ஷஹர்பானுவும் அதையே செய்தாள். ஈரத் துணியால் உதட்டை மட்டும் துடைத்துவிட்டாள். மறுநாள் மத்தியானம் அவன் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினபோது ஒன்றும் மிச்சமில்லை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் கலந்து தண்ணி குடுத்துக்கிட்டே இருந்தா பொழச்சிருக்குமேய்யா" என்றார்.

வராந்தாவில் பத்துப் பேர் பார்க்க, கிஃபாயத்துல்லா அவளிடம் திரும்பி, "நீதான்டி கொன்னுட்டே" என்றான்.

கொட்டின பாலை அள்ள முடியுமா? அவனும் எவ்வளவோ பார்த்தான். புடவை எடுத்து வந்தான், அல்வா வாங்கி வந்தான். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. அதற்கு அந்த வாய் வரவில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம், மழைக்கு முன்னால், கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஒரு வடநாட்டு இன்ஜினீயர் விரிசல் விட்ட மீன் தொட்டிக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். மாற்றி முடிப்பதற்குள் அவருக்கே ஊர் மாற்றல் வந்துவிட்டது. "நீயே வளர்த்துக்கோ" என்று தொட்டியையும் ஒரு தூக்குவாளியில் ஆறு மீன்களையும் கொடுத்துவிட்டார். விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். கெளுத்தி ஜாதி, ஆனால் சாதுவான ஜாதி. கோரிடோராஸ் என்று அவர் சொன்ன பெயர் இவன் வாயில் நுழையவில்லை. கூட்டமாகத்தான் இருக்கும், பிரிக்காதே. தீனி அடியில் போய் விழ வேண்டும். வாரம் ஒரு தடவை கால்வாசித் தண்ணீர் மாற்று. நடுநடுவே மேலே பாய்ந்து காற்றுக் குடிக்கும், பயப்படாதே. இவ்வளவும் சொன்ன மனுஷன் சீக்கு வந்தால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லவில்லை.

தொட்டியை வீட்டில் வைத்த அன்றே ஷஹர்பானு அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு சுல்தான் பீவி எட்டிப் பார்த்து, "இன்னாடி பானு, இது கொயம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது. இத வெச்சிகினு இன்னா பண்ணப் போற?" என்று கேலி செய்தாள். ஷஹர்பானு காதில் வாங்கவில்லை. அவை மீசையால் அடி ஜல்லியைக் கிளறித் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மெதுவா, மெதுவா துன்னுங்கடா மீசைக்காரனுங்களா" என்று அவள் சொன்னதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட கிஃபாயத்துல்லாவுக்குக் கண் கலங்கியது. பதினான்கு மாதத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதேயில்லை.

ஒரு வாரம் கழித்து அவனிடமே பேசினாள். "மச்சான், அடியில ஜல்லி கூர்மையா கீது. மீசை தேய்ஞ்சிகினே போவுது, பாரு."

அவன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயசு முதல் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அந்த 'மச்சான்' திரும்பி வந்ததே போதும் என்று கோணிப்பையை எடுத்துக்கொண்டு பாலாற்றுக்குச் சைக்கிளை மிதித்தான். மணலைச் சலித்து, ஒன்பது தண்ணீரில் அலசிப் போட்டான். மீன்கள் மூக்கு வரை மணலுக்குள் விட்டு விளையாடின. அவள் சிரித்தாள். இந்த ஆறு மீன்களும் உயிரோடு இருக்கும் வரை இவள் நம்மோடு பேசுவாள் என்று அவன் மனசு கணக்குப் போட்டது.

கார்த்திகையில் கடப்பாக்கத்திலிருந்து ஆள் வந்தது. அவள் தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போக ஷஹர்பானுவுக்கு மனசில்லை, ஆனாலும் போனாள். பஸ் ஏறும்போது, "மூணு நாளு மச்சான். உன்ன நம்பித்தான் வுட்டுட்டுப் போறேன்" என்றாள்.

இரண்டாம் நாள் அடைமழை, குளிர். காலையில் பார்த்தால் ஆறு மீன்களின் மேலும் ரவையைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளி. ஒன்று மூலையில் அசையாமல் கிடந்தது. கிஃபாயத்துல்லா கண்ணாடியைத் தட்டிப் பார்த்தான். யாரைக் கேட்பது? அந்த ஊரில் இதைத் தெரிந்தவன் எவன் இருக்கிறான்? அப்போது டாக்டர் சொன்ன சொல் காதில் விழுந்தது. உப்புத் தண்ணீர் கொடுத்திருந்தால் பொழைத்திருக்கும்.

சமையலறைக்கு ஓடிக் கல்லுப்பை ஒரு பிடி அள்ளிப் போட்டான். மீன்கள் விருட்டென்று மேலே பாய்ந்தன. தெம்பு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு இன்னொரு பிடி போட்டான். பிறகு இன்னொன்று. பாவி, அவை தப்பிக்கத்தான் பாய்ந்தன என்று அவனுக்குத் தெரியவில்லை. மத்தியானத்துக்குள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, அவன் சலித்துப் போட்ட மணலிலேயே படுத்துவிட்டன.

மறுநாள் ஷஹர்பானு வந்தபோது பீங்கான் தட்டில் ஈரத் துணி விரித்து ஆறையும் வரிசையாக வைத்திருந்தான். ஒளிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். சொல்லிவிட்டு, "கேளு பானு. நீதான் கொன்னேன்னு கேளு" என்றான். கேட்டுவிட்டால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

அவள் பையைக்கூட இறக்கி வைக்காமல் தட்டைப் பார்த்தபடி நின்றாள்.

"எதுக்கு மச்சான் உப்பு போட்டே?"

"பொழச்சிக்கும்னுதான்."

"அப்புறம் இன்னாத்துக்கு நா அப்படிக் கேக்கணும்? தெரிஞ்சா செஞ்சே? பொழைக்கணும்னுதானே செஞ்சே."

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் அவனை அறுத்தது. இதே சொல்லை அந்த வராந்தாவில் அவன் அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சுவரில் சாய்ந்து குழந்தைபோல் அழுதான். "உம்மேல குத்தம் இல்ல பானு. அன்னிக்கும் இல்ல. நாந்தான் அப்படிச் சொல்லிட்டேன்" என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தான்.

அவள் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"அவன் தண்ணி கேட்டான் மச்சான்" என்றாள். "நீ மெட்ராஸ்ல இருந்தப்போ. தம்ளரைக் காட்டிக் காட்டிக் கேட்டான். நா அத எடுத்து ஒளிச்சி வெச்சேன். இத ஒர்த்தர்கிட்டயும் சொல்லல."

கிஃபாயத்துல்லா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.